பொலித்தீன் பைக்குள் ஒரு பெயர்

இறக்கக்கண்டியில் கடலுக்குப் போகிறவர் மடியில் இரண்டு பொருள் இருக்கும். ஒன்று தீப்பெட்டி, மற்றது அடையாள அட்டையான ஐ.சி. இரண்டையும் பொலித்தீனில் சுற்றி, வாயை நைலோன் நூலால் இறுக்கிக் கட்டி, சாரத்தின் மடிப்பில் செருகியிருப்பார். தீப்பெட்டி நனைந்தால் பீடி பற்றாது, அவ்வளவுதான். ஐ.சி. நனைந்து எழுத்துக் கலைந்தால், கரைக்கு வந்தவர் ஆர் என்று கரையே கேட்கும். போர்க்காலத்தில் பாஸ் இல்லாமல் கடலில் இறங்க முடியாது, ஐ.சி. இல்லாமல் பாஸ் கிடையாது. அந்த நாளில் எங்கள் ஊர் மூத்த தண்டயல் ஒருவர் என்னிடம் சொன்னார்: "சேர், உசிரு போனாலும் ஐ.சி. கரைக்கு வரணும். அப்பதான் மையத்து ஆருடையதெண்டு தெரியும்."

ஒரு மனிதனின் உயிரைவிட ஒரு நாள் கூடுதலாக வாழக்கூடிய பொருள் இது. இதைப் புகழாமல் வேறு எதைப் புகழ்வது?

நான் பள்ளிக்கூடத்தில் தமிழ் படிப்பித்தவன். வேலையிலிருந்த காலத்திலும் ஓய்வுபெற்ற பிறகும் என் வீட்டுத் திண்ணையில் ஒரு மேசை, ஒரு கறுப்புப் பேனை, ஒரு பசைப்போத்தல் எப்போதும் இருக்கும். ஊராரின் அடையாள அட்டை விண்ணப்பங்களை நிரப்பிக் கொடுப்பது என் வழக்கம். அதனால் இந்த அட்டையை எனக்கு உள்ளும் புறமும் தெரியும்.

ஔவையார் தொண்டைமானின் படைக்கலக் கொட்டிலைப் புகழ்ந்த கதையை வருடம்தோறும் பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறேன். புறநானூற்றில் 95ஆம் பாட்டு. அதைப் படிப்பிக்கும்போது நான் ஒன்றை அழுத்திச் சொல்வேன்: ஔவை அங்கே ஒரு பொய்யும் பேசவில்லை. தொண்டைமானின் வேல்கள் மெய்யாகவே நெய் பூசி, மாலை சூட்டி, காவலுள்ள மாளிகைக்குள் பளபளத்தன. அவரைத் தூது அனுப்பிய அதியமானின் வேல்கள் மெய்யாகவே நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடந்தன. இரண்டையும் கண்டபடி சொன்னார். நானும் கண்டதைக் கண்டபடிதான் சொல்லப் போகிறேன். இதில் உள்ள புகழ்ச்சி அத்தனையும் மெய்.

முதலில் சட்டத்தைப் புகழ வேண்டும். 1968ஆம் ஆண்டின் 32ஆம் இலக்க ஆட்களைப் பதிவுசெய்யும் சட்டம் எத்தனை அரசாங்கங்களைக் கண்டது! கலவரம், போர், கடற்கோள், ஊரடங்கு எல்லாவற்றையும் தாண்டி வந்திருக்கிறது. 1972இல் முதல் அட்டை கொடுக்கப்பட்டதிலிருந்து அந்தச் சட்டத்தின் பதிவேடு போருக்கு அஞ்சி ஒரு நாளும் இடம்பெயரவில்லை. எங்கள் ஊர்க்காரர் இடம்பெயர்ந்தார்கள். கூரைத் தகட்டைக் கழற்றிக்கொண்டு போனவர்கள் உண்டு, தலையணைக்குள் காணி உறுதியைத் தைத்துக்கொண்டு போனவர்கள் உண்டு. ஏடு மட்டும் கொழும்புப் பக்கம் தூசு தட்டி, வரிசை குலையாமல் இருந்தது. நெய் பூசிய வேல் அப்படித்தான் இருக்கும்.

அடுத்தது இலக்கம். அதைப் போல நினைவாற்றல் உள்ள ஒன்றை நான் வேறெங்கும் கண்டதில்லை. பழைய அட்டையில் ஒன்பது இலக்கம், முடிவில் ஓர் ஆங்கில எழுத்து. முதல் இரண்டு இலக்கம் பிறந்த வருடம். அடுத்த மூன்றும் அந்த வருடத்தில் எத்தனையாம் நாள் பிறந்தார் என்ற கணக்கு. ஜனவரி முதலாம் திகதி பிறந்த ஆணுக்கு 001. அதே நாளில் பிறந்த பெண்ணுக்கு 501. பெண் என்றால் ஐந்நூறைக் கூட்டிவிடுவார்கள். நாட்கூலியில் பெண்ணுக்குக் குறைத்தே கணக்குப் பார்க்கும் நாட்டில், பெண்ணுக்குக் கூட்டிக் கணக்குப் பார்க்கிற ஏடு இது. 2016இலிருந்து புதிய அட்டைகளில் பன்னிரண்டு இலக்கம். வருடத்தை முழுதாக நான்கு இலக்கத்தில் எழுதுகிறார்கள். ஐந்நூறு மட்டும் அப்படியே நிற்கிறது. இந்தியாவின் ஆதார் எண்ணிலும் பன்னிரண்டு இலக்கம் உண்டு. ஆனால் அதைப் பார்த்து வயதும் சொல்ல முடியாது, ஆணா பெண்ணா என்றும் சொல்ல முடியாது. எங்கள் இலக்கமோ வாய்திறந்து பேசும். சோதனைச்சாவடியில் நின்ற காலத்தில், நான் என் வயதைச் சொல்வதற்கு முன் என் இலக்கம் சொல்லிவிடும்.

இன்னும் ஒரு பெருமை உண்டு. அந்த நாட்கணக்கில் எல்லா வருடத்துக்கும் 366 நாள். லீப் வருடமாக இல்லாவிட்டாலும் பெப்ரவரி 29க்கு ஓர் இடம் ஒதுக்கிவிடுவார்கள். ஆகவே மார்ச் முதலாம் திகதி பிறந்தவர் எந்த வருடமானாலும் 061. உலகத்தில் வராத ஒரு நாளையும் எண்ணி வைத்திருக்கிற ஏடு அது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பிறந்தும் எண்ணப்படாத ஒரு பிள்ளையைப் பற்றிச் சொல்லப் போகிறேன்.

2004 நவம்பரில், நோன்புப் பெருநாள் கழிந்த வாரத்தில், எங்கள் பக்கத்து வளவு ராத்தாவுக்கு ஓர் ஆண்பிள்ளை கிடைத்தது. பிறப்பை 42 நாளுக்குள் பதிய வேண்டும் என்பது விதி. பிள்ளையின் வாப்பா கரைவலைக்காரர். மாரிக் கடல், வலை, சம்மாட்டிக் கணக்கு என்று நாட்கள் போயின. "திங்கட்கிழமை போய்ப் பதிவம்" என்று சொல்லியிருந்தாராம். அதற்கு முதல் நாள் டிசம்பர் 26, ஞாயிறு, போயா. கடற்கோள் அன்றுதான் வந்தது. விதி கொடுத்த நாளில் இன்னும் சில நாள் மிச்சம் இருந்தது.

ராத்தா பிள்ளையோடு தாய்வீட்டில், றோட்டுக்கு உள்பக்கம் இருந்தார். பிழைத்தார்கள். கடலோர வளவில் இருந்த வீடும், வீட்டுக்குள் இருந்த றங்குப்பெட்டியும், பெட்டிக்குள் இருந்த ராத்தாவின் ஐ.சி.யும் விவாகக் காவின் துண்டும் ஆஸ்பத்திரித் துண்டும், கரையில் வலை இழுத்துக்கொண்டிருந்த மனிதரும் போனார்கள். மையத்து கிடைக்கவில்லை. மடியில் பொலித்தீனில் கட்டியிருந்த ஐ.சி.யும் கரைக்கு வரவில்லை.

இங்கே அரசாங்கத்தை மனமாரப் புகழ வேண்டும். உடல் கிடைக்காதவர்களின் இறப்பைப் பதிவதற்காக 2005இல் ஒரு தனிச் சட்டமே கொண்டுவந்தார்கள். சாதாரணமாக ஆளைக் காணவில்லை என்றால் வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அந்தச் சட்டத்தால் ராத்தாவுக்குக் கணவரின் இறப்புச் சான்றிதழ் சீக்கிரமே கிடைத்தது. உடல் இல்லாமலே ஒருவர் இறந்தார் என்று நம்பியது அரசாங்கத்தின் ஏடு. அந்த நம்பிக்கைக்கு நான் இன்றும் தலைவணங்குகிறேன். ராத்தாவின் கையில் உடலோடும் உயிரோடும் பால் குடித்துக்கொண்டிருந்த பிள்ளை பிறந்தான் என்று நம்புவதற்கு அதற்குப் பதினைந்து வருடம் வேண்டியிருந்தது.

ஏன் அப்போதே பதியவில்லை என்று கேட்பீர்கள். முகாமில் இருந்த பெண்ணுக்கு முதலில் பால்மா, பிறகு தகரம், பிறகு வீடு. வீடு கிடைத்தபோது மறுபடி சண்டை. பிள்ளை பள்ளிக்கூடம் சேரும் வயதில், விதானையாரின் கடிதத்தையும் ஒரு சத்தியக் கடதாசியையும் வைத்துக்கொண்டு அதிபர் சேர்த்துக்கொண்டார். அவன் என் வகுப்புக்கும் வந்தான். இடாப்பில் அவன் பெயரை நானே கூப்பிட்டிருக்கிறேன், நானே அடையாளமும் போட்டிருக்கிறேன். ஒரு நாளும் அவன் "இல்லை" என்று ஆனதில்லை.

பதினைந்து வயதில் ஐ.சி. எடுக்க வேண்டும், ஓ.எல். பரீட்சைக்கு அது தேவை. அப்போதுதான் ராத்தா என் திண்ணைக்கு வந்தார். கையில் ஒரு ஷொப்பிங் பை. அதற்குள் பிள்ளையின் க்ளினிக் அட்டை, தடுப்பூசி போட்ட திகதிகள் பாதி அழிந்தது. கணவரின் இறப்புச் சான்றிதழ். அவ்வளவுதான்.

அடுத்து வந்த மாதங்களில் நான் கண்ட கவனத்தை எந்தப் பள்ளிக்கூடத்திலும் கண்டதில்லை. பிள்ளைக்கு ஐ.சி. வேண்டுமானால் பிறப்புச் சான்றிதழ் வேண்டும். காலங்கடந்து பிறப்பைப் பதிய வேண்டுமானால், தகப்பன் பெயர் ஏறுவதற்குப் பெற்றோரின் விவாகப் பதிவு வேண்டும். பதிவின் பிரதி எடுக்கத் தாயின் ஐ.சி. இலக்கம் கேட்டார்கள். தாயின் ஐ.சி. தொலைந்தது. தொலைந்ததற்குப் புது அட்டை எடுக்கத் தாயின் பிறப்புச் சான்றிதழ் வேண்டும், பொலிஸ் முறைப்பாட்டுப் பிரதியும் வேண்டும். ஒரு கதவைத் திறக்கும் சாவி அடுத்த அறைக்குள் இருந்தது. அந்த அறையின் சாவி இந்த அறைக்குள். இவ்வளவு ஒழுங்காகக் கட்டப்பட்ட வீட்டுக்குள் கள்ளன் நுழையவே முடியாது. வீட்டுக்காரியும் வாசலிலேயே நின்றார்.

பொலிஸில் முறைப்பாடு எழுதியவர் நல்ல இளைஞர். கதிரை தந்தார். தமிழ் கொஞ்சம் பேசினார். படிவத்தில் உள்ளதை உள்ளபடி கேட்டார்: எங்கே தொலைந்தது? எத்தனை மணிக்கு? தொலைந்ததை எப்போது கவனித்தீர்கள்? ராத்தா ஒன்றும் பேசாமல் யன்னல் பக்கம் கையைக் காட்டினார். யன்னலுக்கு வெளியே தென்னைகள், அதற்கு அப்பால் கடல். அந்தப் பொடியன் எழுதுவதை நிறுத்திவிட்டு வெகுநேரம் பேனையைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு அந்த இடத்தில் என்ன எழுதினான் என்று எனக்குத் தெரியும், நான் வாசித்தேன். "கடலில்" என்று எழுதியிருந்தான். அவனை நான் மறக்க மாட்டேன்.

விதானையாரையும் புகழத்தான் வேண்டும். ராத்தாவைச் சின்னப் பிள்ளையிலிருந்தே அவருக்குத் தெரியும். கணவர் போன கதையும் தெரியும், பிள்ளை வளர்ந்த கதையும் தெரியும். "எனக்குத் தெரியும் சேர், ஆனா எனக்குத் தெரியும் எண்டதைப் போட இதில கோடு இல்லையே" என்று படிவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஓர் ஊர் முழுவதும் அறிந்த விடயத்தை எழுத ஒரு கோடு இல்லாத படிவம், கேட்டதற்கு மேல் ஒரு சொல்லும் கேட்காத கண்ணியமான படிவம்.

பிறந்த திகதி கேட்ட இடத்தில்தான் ராத்தா திணறினார். "பெருநாள் கழிஞ்சு, ஆறு நோன்பு பிடிக்கிற நாள்ல சேர். விடியச் சாமத்தில" என்றார். பிறையைக் கொண்டு எண்ணியவளிடம் திகதியைக் கேட்டால் எப்படிச் சொல்வாள்? நான் பழைய நாட்காட்டியைத் தேடினேன். பிறந்த ஆஸ்பத்திரியின் பழைய பதிவேட்டையும் தேடச் சொன்னோம். அங்கே ஓர் ஊழியர் வியர்க்க வியர்க்க, கட்டுக் கட்டாகப் பிரித்து, மூன்றாம் நாள் ஒரு வரியைக் கண்டுபிடித்தார். அந்த வரியில் தாயின் பெயரில் ஓர் எழுத்துப் பிழை. அதற்கு இன்னொரு சத்தியக் கடதாசி.

அந்த ஒரு பிழைக்காக ஒரு கந்தோரில் எங்களைத் திருப்பி அனுப்பியவர், குரலை உயர்த்தவே இல்லை. சிரித்தமுகம். "அடுத்த கிழமை வாங்க" என்றார். அடுத்த கிழமையும் அதே சிரித்தமுகம். ராத்தாவோடு நான் அந்தக் கந்தோர் யன்னலுக்குப் போனது பதினேழு தடவை. என் டயரியில் குறித்து வைத்திருக்கிறேன். பதினேழு தடவையும் வரிசை ஒழுங்காக இருந்தது, இலக்கத் துண்டு ஒழுங்காகத் தந்தார்கள், ஒரு தடவையும் எவரும் எங்களை ஏசவில்லை. ராத்தா கருவாடு காயப்போடும் வேலையை அந்தப் பதினேழு நாளும் விட்டுவிட்டு வந்தார். அந்த நாட்களுக்கான கூலி எந்த ஏட்டிலும் இல்லை.

இடையில் 2020 வந்தது. ஊரடங்கு இருந்த இடங்களில் அத்தியாவசியத்துக்கு வெளியே போக, அந்த மே மாதத்தில் ஐ.சி.யின் கடைசி இலக்கத்தைக் கொண்டு நாள் பிரித்தார்கள். 1, 2 என்றால் திங்கள். 3, 4 என்றால் செவ்வாய். அப்படியே 9, 0 வரை வெள்ளிக்குள் முடியும். அரிசி வாங்கும் நாளைக்கூட அட்டையே சொல்லித் தந்த அந்த ஏற்பாட்டின் எளிமையைப் பாருங்கள். சிறு பிள்ளைக்கும் விளங்கும். ராத்தா றேடியோவில் கேட்டுவிட்டு வேலிக்கு மேலால் என்னைக் கூப்பிட்டார்: "சேர், இலக்கம் இல்லாதவங்களுக்கு எந்த நாள்?" நான் பதில் சொல்லவில்லை. பத்து இலக்கத்துக்கும் ஐந்து நாளைப் பிரித்துக் கொடுத்து முடிந்துவிட்டதே.

அவசரமென்றால் ஒருநாள் சேவை இருக்கிறதே என்று பலர் சொன்னார்கள். அதன் பெருமையை நானே அறிவேன். என் அட்டை ஒருமுறை தொலைந்தபோது போயிருக்கிறேன். நான் போன காலத்தில் அதற்குக் கொழும்புப் பக்கம்தான் போக வேண்டும். இறக்கக்கண்டியிலிருந்து திருகோணமலைக்குப் பஸ், அங்கிருந்து இரவு ரயில், விடிய வரிசை. பின்னேரம் அட்டை கையில். சொன்ன சொல் தவறவில்லை, ஒரே நாள்தான். முந்திய இரவும் பிந்திய இரவும் என்னுடையவை. கொழும்பில் ஒருவர் என் ஊரைக் கேட்டார். இறக்கக்கண்டி என்றேன். "ஆ, கண்டியா? பக்கம்தானே" என்றார்.

மொழியைச் சொல்லாமல் விடக் கூடாது. பல காலம் அட்டை சிங்களத்தில்தான் இருந்தது. வடக்குக் கிழக்கில் மட்டும் தமிழும் சேர்த்து எழுதினார்கள். 2014இலிருந்து நாடு முழுவதற்கும் இரண்டு மொழி, 2017 அக்டோபரில் வந்த இலத்திரனியல் அட்டையில் மூன்று மொழி. என் மாணவர் ஒருவர் கொழும்பில் குடியேறி, தாய்மொழியில் தன் பெயர் எழுதிய அட்டையை முதல்முறையாகக் கையில் வாங்கியபோது நாற்பதைத் தாண்டியிருந்தார். சட்டம் வந்து அப்போது ஏறக்குறைய அரை நூற்றாண்டு. மெதுவாக நடந்தாலும் வந்து சேர்ந்ததே, அதற்காக நான் உண்மையிலேயே மகிழ்ந்தேன்.

இனி வரப்போவது இன்னும் நுட்பமானது. விரல்ரேகையும் கருவிழியும் பதியும் எண்முறை அடையாளத்துக்கு இந்தியா மானியம் தருகிறது. 2022 மார்ச்சில் உடன்படிக்கை, 2023 ஆகஸ்டில் 45 கோடி இந்திய ரூபா முற்பணம். ரேகை பொய் சொல்லாது என்கிறார்கள். சரிதான். எங்கள் ஊர்க் கரைவலைக்காரரின் கையைப் பிடித்துப் பார்த்தால், கம்பாக் கயிற்றை இழுத்து இழுத்து விரல்நுனி கூழாங்கல்லாக வழவழத்திருக்கும். அந்த வழவழப்பும் பொய் சொல்லாது. அதை வாசிக்கும் பொறி வரட்டும்.

படம் பிடிக்கிற நாளைச் சொல்லிவிடுகிறேன். திணைக்களத்தில் பதிந்த ஸ்டூடியோவில்தான் எடுக்க வேண்டும். முகத்தில் சிரிப்பு இருக்கக் கூடாது, கண் நேராகப் பார்க்க வேண்டும். பொடியன் தலையை நனைத்து, வாரி, என் வெள்ளைச் சேட்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தான். சிரிக்காதே என்றார் படம் பிடிப்பவர். அவனுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அந்த நாளுக்காகத்தான் இத்தனை அலைந்தது. நாலைந்து தரம் எடுத்த பிறகு தாய் வந்து பக்கத்தில் நின்றார். அவரைப் பார்த்ததும் முகம் நேராகிவிட்டது. அட்டையில் இருப்பது அந்த முகம்.

அட்டை 2021 தொடக்கத்தில், பிந்திப்போன ஓ.எல். பரீட்சைக்கு முன்னால், கைக்கு வந்தது. பின்னேரம் தாயும் மகனும் என் திண்ணைக்கு வந்தார்கள். நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தேன். இலக்கம், பால், பிறந்த திகதி, பிறந்த இடம். ராத்தாவுக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது. குனிந்து அட்டையைப் பார்த்துக்கொண்டு கேட்டார்.

"சேர், இதில அவர்ர பேரு எங்க இரிக்கி?"

எங்கள் வழக்கத்தில் தகப்பன் பெயர்தான் முதலில் வரும், பிறகுதான் பிள்ளையின் பெயர். முதற்சொல்லின்மேல் விரலை வைத்துக் காட்டினேன். அவர் தன் விரலை அதன்மேல் வைத்தார். விரல்நுனியில் உப்பு வெடித்திருந்தது. சொல்லை மறைக்காமல் இருக்க விரலைக் கொஞ்சம் கீழே இறக்கிக்கொண்டார். மகன் தன் சட்டைப் பையிலிருந்து ஒரு பொலித்தீன் துண்டை எடுத்து, அவர் கையெடுக்கட்டும் என்று பிடித்துக்கொண்டு நின்றான்.